எருமை வராத படம் பற்றி விளக்கம்

மல்லசமுத்திரம்,
14 பிப்ரவரி 2002

செய்தி ஆசிரியர் தங்கமுத்து அவர்களுக்கு, மல்லசமுத்திரம் செய்தியாளர் சேவியர்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மனைவி அக்சிலியாவும் நலம். தங்கள் நலமும் தங்கள் இரத்த அழுத்தத்தின் நலமும் அறிய ஆவல்.

மெமோ கிடைத்தது. ஞாயிறு இதழில் ‘முதல் பரிசு பெற்ற எருமை’ என்ற வரிக்கு மேல், கால்நடைக் கண்காட்சிக் குழுத் தலைவர் சென்னியப்பனின் முகம் மட்டும் வந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால், வேறு செய்தியாளரைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்தாறு வருடத்தில் இது எனக்கு முதல் மெமோ. நான் எடுத்த படத்தில் எருமை இருந்தது. டயல்-அப்பில் படம் மேலிருந்து கீழாகத்தான் வரும். தலைவர் வந்து சேர்ந்தார், இணைப்பு அறுந்தது, எருமை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்த சாம்பல் நிறத்தைத் தங்கள் பக்க வடிவமைப்பாளர் வெட்டிவிட்டார். காலை ஏழு மணிக்கே சென்னியப்பன் பத்திரிகையோடு வந்தார். “ஏனுங்க சேவியரு, பரிசு வாங்குன எருமை நானுங்களா? எங்கூட்டுல அதைக் கத்தரிச்சு, கண்ணாடி போட்டு மாட்டிப்போட்டாங்க!”

தங்கள் சுற்றறிக்கையை நான் மீறவில்லை. படத்தைச் சுருக்கு என்றீர்கள். அறுநூறு கேபியை நூற்றைம்பதாக்கினேன். துண்டு துண்டாக அனுப்பு என்றீர்கள், மூன்று துண்டாக்கினேன். அறுந்தால் தானே மறுபடி டயல் செய்யும்படியும் வைத்தேன். கணக்குப்படி எல்லாம் எழுபத்தைந்து நொடியில் முடிய வேண்டும். ஆனால் இருபதாவது நொடியில் அறுகிறது, மறுபடி டயல் ஆகிறது, மறுபடி அறுகிறது. திங்களன்று காரணம் தெரிந்தது. எங்கள் தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் என் எண்ணைத்தான் பி.பி. நம்பர், அதாவது பக்கத்து வீட்டு போன் நம்பர், என்று கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் வடக்கே போர்வெல் லாரியில் வேலை செய்கிறார்கள். போன் வந்தால் அவர்கள் எடுத்துப் பேசட்டும் என்று ஜன்னலோரம் அதே லைனில் ஓர் இணைபேசி வைத்தது என் தவறு. மோடம் டயல் செய்யும்போது அது லேசாக ‘டிங்’ என்னும். உடனே எதிர்வீட்டு வசந்தாமணி ஓடிவந்து எடுத்துவிடுகிறார், இணைப்பு அறுகிறது. மத்தியப் பிரதேசம் போன மகன் தர்ஷனிடமிருந்து இருபத்து மூன்று நாளாகப் பேச்சில்லை. காதில் வைத்தால் மோடம் கீச்சிடுகிறது, இரைகிறது. போர் ஓட்டும் லாரியின் சத்தம் என்றே நினைத்துவிட்டார்.

“தர்ஷா, வேலையா இருக்கறயா சாமி? நீ பேச வேண்டாம், கத்துனா தொண்டை கட்டிக்கும். நாஞ் சொல்றதை மட்டும் கேளு. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருக்குது...”

“போய் அது கம்ப்யூட்டர்னு சொல்லிடுங்க” என்றாள் அக்சிலியா. “நீயே சொல்லேன்” என்றேன். “உங்க எருமை, நீங்கதான் சொல்லணும்.” போனேன். வசந்தாமணி முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். “கடைசீல சத்தம் மாறுச்சுங்ணா. தண்ணி வந்துருச்சாட்ட இருக்குதுங்ணா!” ஆடு நலமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

இது தொடரக் கூடாது என்பதை உணர்கிறேன். இணைபேசியை இன்று கழற்றிவிடுகிறேன். வயர்மேன் ஆண்டி வந்துகொண்டிருக்கிறார். நாளை முதல் படங்கள் வால் வரை முழுதாக வரும் என உறுதி கூறுகிறேன். தங்கள் பக்கங்கள் நேரத்தோடு முடியவும், தாங்கள் ஒரு நாளாவது சூடான சாப்பாடு சாப்பிடவும் எங்கள் செபம் உண்டு.

தங்கள் உண்மையுள்ள,
சேவியர்ராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தர்ஷனே பேசினான். காட்டுக்குள் வேலையாம், பக்கத்தில் போனே இல்லையாம். நாளை மறுபடி காட்டுக்குள் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகுமாம். வசந்தாமணி பத்து நிமிடம் பேசிவிட்டு வைத்தார். “என்னமோ போங்ணா, திங்கக்கிழமையெல்லாம் அத்தனை பொறுமையாக் கேட்டுக்கிட்டிருந்தான். இன்னிக்கு நடுவுல நடுவுல குறுக்க பேசறான்” என்றார். ஆண்டிக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே கூறிய உறுதியை ரத்து செய்துகொள்கிறேன். இனி படங்கள் பிளாப்பியில், மாலை நாலேகால் சேலம் பஸ் கண்டக்டர் கையில் வரும். மோடம் தினமும் ஐந்தரை மணிக்கு ஒருமுறை ஓடும். அதில் ஒன்றும் வராது, தாங்கள் காத்திருக்க வேண்டாம்.