நிதானச் சான்று பெற்ற எருமை

ஒரு காட்டில் எல்லா விலங்குகளும் எதையோ நோக்கி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எதை நோக்கியும் ஓடாத எருமை ஒன்று வாழ்ந்து வந்தது. அதன் பெயர் மேதி. வெயில் ஏறத் தொடங்கியதும் அது குளத்துக்கு நடந்து செல்லும். கழுத்துவரை நீரில் அமிழும். பொழுது சாயும்வரை அங்கேயே கிடக்கும். இதற்குத் தத்துவம் ஏதும் காரணமன்று. எருமைத் தோல் கறுப்பு; வியர்வையோ குறைவு. கோடையில் நீருக்குள் கிடக்காவிட்டால் எருமை சுருண்டு விழும். அவ்வளவுதான்.

காடு அதைச் சோம்பேறி என்றே வகைப்படுத்தியிருந்தது. "மேதி மாதிரி நிக்காதே, நகரு" என்றுதான் தாய்மான்கள் தம் குட்டிகளை அதட்டின.

ஒரு நாள், காட்டிலேயே மிக விரைந்து ஓடும் முயல், ஓட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தது. நாடி பார்த்த ஆந்தை மருத்துவர், "வேகத்தைக் குறைங்க. செய்யற காரியத்துல மனசை வைங்க. தினமும் கொஞ்ச நேரம் தண்ணியில சும்மா உட்காருங்க" என்றது. முயல் இந்த அறிவுரையைக் காடு முழுவதும் ஓடி ஓடிச் சொன்னது. பத்தே நாள்களில் நிதானம் காட்டின் பெரும் அவசரமாயிற்று. நிதான வாரியம் அமைந்தது. குளத்தைச் சுற்றி வேலி எழுந்தது. நிதானச் சான்று உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று ஒரு பலகை தொங்கியது. ஒவ்வொரு விலங்கின் காலிலும் ஒரு பட்டை கட்டப்பட்டது. ஓடினால் அது வேகத்தைக் காட்டும். அமர்ந்தால், மனம் எத்தனை விழுக்காடு அந்தக் கணத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும்.

சித்திரை முதல் நாள் மேதி வழக்கம்போல் குளத்துக்கு வந்தது. வேலி தடுத்தது. அதன் முதுகில் எப்போதும் அமர்ந்திருக்கும் உண்ணிக்கொக்கு, "அக்கா, அங்க ஒரு வரிசை நிக்குது. நாமளும் நிப்போம். உனக்கு நிக்கறதுக்குச் சொல்லியா தரணும்" என்றது. வரிசையில், யார் முதலில் நிதானமடைவது என்பதற்காக இரண்டு மான்கள் கொம்பால் முட்டிக்கொண்டிருந்தன.

சாளரத்துக்குப் பின்னால் வாரியத்தின் எழுத்தராகிய அணில் அமர்ந்திருந்தது. அது மேதியின் படிவத்தை வாங்கி, மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தது.

"முந்தைய வேகம் மூணு. தற்போதைய வேகம் மூணு. குறைத்த அளவுங்கற கட்டத்துல பூஜ்யம் போட்டிருக்கீங்களேம்மா."

"ஆமாம் தம்பி. நான் எப்பவும் மூணுதான்."

"அப்படின்னா நீங்க நிதானமாகவே இல்லை."

"பொறந்ததுலேர்ந்து நிதானமாத்தானே இருக்கேன்."

"அது இயல்பும்மா. நாங்க முயற்சிக்குத்தான் சான்று தர்றோம். முயல் சாரைப் பாருங்க. எழுபதுலேர்ந்து நாலுக்கு வந்திருக்கார். அறுபத்தாறு குறைச்சிருக்கார். நீங்க என்னத்தைக் குறைச்சீங்க?"

மேதி நெடுநேரம் சிந்தித்தது. பின்னால் நின்ற விலங்குகள், "சீக்கிரம் யோசிம்மா" என்றன.

"தண்ணியில இறங்கலேன்னா நான் செத்துப்போவேன் தம்பி."

"அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. இறந்த பிறகு உறவினர் கொண்டுவரணும்" என்று சொல்லி, அணில் அடுத்தவரை அழைத்தது.

மூன்றே நாள்களில் மேதியின் தோல் வெடித்தது. நான்காம் நாள் அதன் முன்னங்கால்கள் நடுங்கின. அத்தி மர நிழலில் நாக்குத் தள்ளிக் கிடந்த அதன் காதருகே கொக்கு குனிந்தது.

"அக்கா, வேற வழி இல்ல. விடியற்காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஓடு. கொஞ்ச நாள் ஓடிட்டு, அப்புறம் நிறுத்து. நீ குறைச்ச கணக்கு வந்துரும்."

"எங்கே ஓடறது?"

"எங்கேயோ. மத்தவங்க எல்லாம் இடம் தெரிஞ்சா ஓடினாங்க?"

மறுநாள் விடியலில் மேதி ஓடத் தொடங்கியது. வெயில் ஏறியதும் அத்தி நிழலின் ஈர மண்ணில் கிடந்து உயிரைப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் முட்புதரில் விழுந்தது. ஐந்தாம் நாள் ஒரு புற்றை இடித்துத் தள்ளியது. எட்டாம் நாள் மான்கள் ஒதுங்கி வழிவிட்டன. பத்தாம் நாள் குரங்கு ஒன்று, "மேதி மேடம், ரொம்ப பிஸி போல" என்று வணக்கம் வைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த எருமையை யாரும் மேடம் என்று அழைத்ததில்லை. அது பதில் வணக்கம் சொல்லவில்லை, அதற்கு நேரமில்லை.

முதுகில் உட்கார முடியாத கொக்கு, பக்கவாட்டில் மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"அக்கா, கொஞ்சம் பேசணும்."

"பேசணும்னா முன்கூட்டியே சொல்லிட்டு வா."

அன்றே கொக்கு வேறொரு முதுகைத் தேடிச் சென்றது. அதை மேதி மறுநாள்தான் கவனித்தது.

பதினைந்தாம் நாள் பட்டை முப்பதைக் காட்டியது. பதினாறாம் நாள் மேதி நடந்தது. பட்டை மூன்றைக் காட்டியது. இருபத்தேழு குறைந்திருந்தது. அணில் எழுந்து நின்று படிவத்தை வாங்கியது. யானை அலுவலர் பச்சை மையில் சான்றொப்பமிட்டது. கதவு திறந்தது.

மேதி குளத்தில் இறங்கியது. நீரின் குளிர்ச்சி தோலின் வெடிப்புகளில் புகுந்து, முதுகெலும்புவரை சென்றது. அதன் உயிர் தப்பியது. பக்கத்தில் முயல் கழுத்தளவு நீரில், காலைத் தூக்கிப் பட்டையை உற்றுப் பார்த்தபடி அமர்ந்திருந்தது.

"தண்ணி நல்லா இருக்கு, இல்லையா?" என்றது மேதி.

"தயவுசெஞ்சு பேசாதீங்க. தொண்ணூத்தொண்ணு வந்திருக்கு. கலைஞ்சிரும்."

மேதி தன் பட்டையைப் பார்த்தது. அறுபத்து நான்கு. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மீண்டும் பார்த்தது. அறுபத்து மூன்று. பன்னிரண்டு ஆண்டுகள் இதே நீரில் கிடந்த எருமைக்கு, தான் அதைச் சரியாகச் செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நேற்று வந்த முயலுக்குத் தொண்ணூற்றொன்று. மேதிக்குப் பொறுக்கவில்லை. உடலை விறைத்துக்கொண்டு, முழு முயற்சியுடன் சும்மா இருந்தது.

அறுபத்தெட்டைத் தொட்ட வேளையில் வேலிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. பக்கத்துக் காட்டிலிருந்து வந்த இளம் எருமை ஒன்று நின்றிருந்தது. அதன் தோல் வெடித்திருந்தது, முன்னங்கால்கள் நடுங்கின.

"அக்கா, தாங்க முடியல. கொஞ்சம் கதவைத் திறக்கறீங்களா? ஓரமா இறங்கிக்கறேன்."

மேதி கண்ணைத் திறக்காமல் கேட்டது:

"உன் முந்தைய வேகம் என்ன?"

"எனக்கு ஒரே வேகம்தான் அக்கா. நடப்பேன்."

"அப்ப உனக்கு நிதானம்னா என்னன்னே தெரியாது. எனக்குக் கவனம் சிதறுது. அந்தப் பக்கம் படிவம் தர்றாங்க, ஓடு."

இளம் எருமை ஓட முயன்று, நான்கடியில் விழுந்தது. மேதியின் பட்டை எழுபத்து மூன்றைக் காட்டியது. முயல் முதன்முறையாகத் திரும்பி, மேதியைப் பார்த்து மரியாதையுடன் தலையசைத்தது.

நீதி: சும்மா இருத்தல் எவருக்கும் பிறப்புரிமையன்று, ஓடியதற்கு ஆதாரம் உள்ளவர்களுக்கு மட்டும் வழங்கப்படும் சலுகை. விண்ணப்பத்துடன் இரண்டு நகல்களை இணைக்கவும்.