என் அம்மாவின் பேப்பர் வயசு

பத்திரிகையில் ஒரு தடவை படம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மனிதருக்குச் சொந்த முகம் என்று ஒன்று கிடையாது. படத்துக்குக் கீழே அச்சடித்திருக்கும் இரண்டு வரிதான் முகம். இதை நான் ஏதோ தடித்த புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. (தடித்த புத்தகங்களும் படித்திருக்கிறேன். அவற்றில் இதெல்லாம் இல்லை.) ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என் அம்மாவுக்கு இருபத்துநான்கு வயது கூடியதையும், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத என் அப்பா குடிகாரர் ஆனதையும் கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினெட்டு வயது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் குடியிருந்தோம். அம்மா கொழுந்து பறிப்பவள், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். நான் ஹட்டனில் தங்கிப் படித்துவிட்டு லீவுக்கு லீவு வீடு வந்து, எல்லோருக்கும் அறிவு புகட்டிக்கொண்டிருந்தேன். கடையில் சீனி சுற்றிக் கொடுத்த பேப்பரைக்கூட நீவி எடுத்து லயத்துக்கே கேட்கும்படி வாசிப்பேன். யாராவது சந்தேகப்பட்டால், "பேப்பர்லயே போட்டிருக்கு" என்பேன். அதோடு வழக்கு முடிந்துவிடும். அந்தத் தோட்டத்துக்கு இந்த வாக்கியத்தைப் பழக்கிவிட்ட புண்ணியவான் நான்தான்.

அப்படிப்பட்ட எனக்கு, உயிரோடு ஒரு பத்திரிகைக்காரர் நேரில் வந்தால் எப்படியிருக்கும்? கொழும்பிலிருந்து வந்தார். கழுத்தில் கேமரா, காலில் சேற்றுக்கு ஒவ்வாத சப்பாத்து. மலைக்கு வழிகாட்ட, ஆபீஸிலிருந்து பெரிய கிளாக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"கட்டுரையை முந்தநாளே எழுதி முடிச்சிட்டன் தம்பி. படம்தான் மிச்சம்" என்றார் பத்திரிகைக்காரர், ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே.

தோட்டத்தைப் பார்க்காமலேயா எழுதினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "எத்தன படம் சார்?"

"மூண்டு. சிரிக்கிற ஒரு குமர்ப்பிள்ளை, கஷ்டப்பட்ட ஒரு கிழவி, குடிச்சுப்போட்டு இருக்கிற ஒரு ஆம்பிளை."

கொழுந்து மலையில் ஐம்பது பெண்கள் நின்றார்கள். இடுப்பில் சாக்கு, மேலே புருஷனின் பழைய கோட்டு, குளிருக்குத் தலையில் கம்பளி. அவர் ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உதடு வெடித்த குமரிகள் படத்துக்கு எடுபடாதாம். வேடிக்கை பார்க்க வந்திருந்த கிளாக்கர் ஐயாவின் மகள் வசந்தா அவர் கண்ணில் பட்டாள். நைலான் சேலை, தலையில் பூ. தகப்பனுக்கு வாயெல்லாம் பல். மகள் பேப்பரில் வரப்போகிறாள். கூடைக் கயிற்றைத் தலையில்தான் மாட்ட வேண்டும். வசந்தாவோ கொண்டை கலைந்துவிடும் என்று கைப்பை மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு.

அடுத்தது கிழவி. அசல் கிழவியாகவே கருப்பாயி இருந்தாள். ஆனால் கேமராவைக் கண்டதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். சிரிக்காதே என்றால் இன்னும் சிரித்தாள்.

"கிழவி சிரிக்கக் கூடாது தம்பி. சரி, அங்க முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு நிக்கிற அந்தக் கிழவி ஆர்?"

"அது எங்கம்மா சார்."

"நல்லதாப் போச்சு. கூப்பிடும்."

மானமுள்ளவன் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பான். நான் அம்மாவிடம் ஓடினேன். கொழுந்து நேரம் வீணாகிறதே என்று அவள் முகம் கடுகடுத்திருந்தது.

"நான் எதுக்குடா? கருப்பாயி கெழவி நிக்குதே."

"அது சிரிக்குதும்மா."

"அப்ப நான் அழுவணுமா?"

"அழுவ வேணாம். சும்மா ஒரு கம்ப ஊனிக்கிட்டு நில்லு."

"எனக்கு எதுக்குடா கம்பு? நான் என்ன ஆடா மேய்க்கிறேன்?"

"பேப்பர்காரர் முன்னால என் மானத்த வாங்காதம்மா."

யாருடைய மானம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாத வயது. அம்மா கங்காணியின் கம்பை வாங்கி, கம்பளியை இழுத்துப் போர்த்தி, கொஞ்சம் குனிந்து நின்றாள். படம் எடுத்தாகிவிட்டது.

அப்பா கவ்வாத்து மலையிலிருந்து இறங்கி வந்து, கல்லில் உட்கார்ந்து, போத்தலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். போத்தலில் இருந்தது காலையில் அம்மா ஊற்றிக் கொடுத்த வெறுந்தேத்தண்ணி, பால் இல்லாத தேநீர். அதுவும் படமாகிவிட்டது.

"நானும் ஒரு ஓரமா நிக்கட்டா சார்?" என்றேன் வெட்கமில்லாமல்.

"நீர் வேண்டாம் தம்பி. சட்டையும் கையில புத்தகமும். வாசிக்கிற சனம் நம்பாது."

(அதையும் ஒத்துக்கொண்டு, அவருடைய பையைச் சுமந்து பஸ் வரைக்கும் போனேன்.)

இரண்டு ஞாயிறு கழித்துப் பேப்பர் வந்தது. லயத்து வாசலில் கூட்டம். முன்கூட்டியே ஒரு தடவை வாசித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை; மேடையில் ஏறினால் நேரே முழக்கம்தான். வசந்தா படத்தின் கீழே: 'கூடையே சொத்தாக வாழும் கூலிப் பெண்ணின் கள்ளமில்லாச் சிரிப்பு.' அடுத்து, அதே வேகத்தில்: 'அறுபது வயதை எட்டிய மூதாட்டி. சுருக்கங்களே இவளது சரித்திரம்.' குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் தொடங்கியதை நிறுத்தத் தெரியவில்லை. 'கவலை மறக்க மதுவில் மூழ்கும் தொழிலாளி.'

அப்பாதான் முதலில் பேசினார். "வெறுந்தேத்தண்ணிக்கா இம்புட்டு எழுதியிருக்கான்?"

அம்மா என்னையே பார்த்தாள். "அறுவதா?"

"அது... எழுத்துல அப்படித்தான்மா போடுவாங்க."

"ஒன்னப் பெத்தப்ப எனக்குப் பதினெட்டு. ஒனக்கு இப்பப் பதினெட்டு. ஹட்டன்ல கூட்டல் சொல்லித் தர்றதில்லையா?"

இன்று நினைத்தாலும் எனக்கு எரிகிறது. அந்த மலையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பெண்கள். நாடு குடிக்கும் தேயிலையெல்லாம் அவர்கள் விரலில் பறிபட்டதுதான். ஆனால் அந்த வயதுப் பெண் பேப்பரில் கிடையாது. இருபது வரைக்கும் சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரே தாவில் அறுபதுக்குப் போய்க் கம்பை ஊன்ற வேண்டும். நடுவில் உள்ள நாற்பது வருஷம் முதுகில் கூடையோடு நிற்பவளுக்கு நாலு அங்குல இடம் இல்லை. தொழிலாளி என்றால் குடிகாரன், படித்தவன் என்றால் படத்துக்கு வெளியே. போகட்டும்.

இதைவிடப் பெரிய கோபம் கிளாக்கர் ஐயாவுக்கு. மகளைக் கூலிப் பெண் என்று போட்டுவிட்டார்களே. கொழும்புக்காரர் கைக்கு எட்டவில்லை. நாங்கள் எட்டினோம்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மீனாச்சி, ஒனக்கு இனி வேல இல்ல. அறுவது வயசாச்சு. பேர வெட்டியாச்சு."

"யாருங்கய்யா சொன்னா அறுவதுன்னு?"

"பேப்பர்லயே போட்டிருக்கு" என்றார், கையிலிருந்த பேப்பரை ஆட்டி, என்னைப் பார்த்துக்கொண்டே.

அம்மாவிடம் பிறந்த அத்தாட்சி ஏது? கைக்குழந்தையாக மண்டபம் வழியாகக் கப்பலேறி வந்தவள். ஆபீஸில் அவள் வயதை எந்தக் காலத்திலோ யாரோ குத்துமதிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"வேணும்னா மகன் பேரப் பதிஞ்சிக்க. மம்பட்டி தர்றேன். இங்கிலீசு படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார் கிளாக்கர் ஐயா.

அதுதான் கதை. அப்பாவின் ஒற்றைச் சம்பளத்தில் காம்பரா ஓடும், ஹட்டன் ஓடாது. நான் வாயடைத்து நின்றேன். (ஊருக்கே அறிவு புகட்டும் வாய்.)

அம்மா கூடையோடு நேரே, பெரட்டைப் பார்வையிட வந்திருந்த தோட்டத் துரைக்கு முன்னால் போய் நின்றாள். புதிதாக வந்த துரை. வா, போ, வெட்டு, பேசாதே என்பதோடு அவருடைய தமிழ் தீர்ந்துவிடும்.

"சலாமுங்க தொரை. பேப்பர் சொல்றது நெசம்னா எனக்கு அறுவதுதானுங்க. அப்ப கிளாக்கரய்யா மகளும் கூலிக்காரிதானுங்களே. நாளைக்குக் கூடையத் தூக்கிக்கிட்டுப் பெரட்டுக்கு வரச் சொல்லுங்க. என் நெரையிலயே பறிக்கட்டும்."

பெண்கள் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். துரை கிளாக்கர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயா இங்கிலீஷில் சுருக்கமாக மொழிபெயர்த்தார்: "இத்தனை காலம் வேலை கொடுத்ததற்கு நன்றி சொல்கிறாள்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு துரையிடம் இங்கிலீஷ் பேசினேன். புத்தகத்தில் கற்ற இங்கிலீஷ். ஒவ்வொரு வாக்கியமும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் விஷயம் போய்ச் சேர்ந்தது. துரை கிளாக்கர் ஐயாவிடமிருந்து பேப்பரை வாங்கிப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அந்தக் கடுங்காலைக் குளிரில், கம்பளி போர்த்தி நிற்கும் அவளுக்கு என்ன வயது என்று அவருக்கு விளங்கவில்லை. "அறுபதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பி, "சொல்லுடா, நாலு மாசம்னு" என்றாள்.

அது எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் தம்பியோ தங்கையோ பிறக்கப்போவதை எண்ணி, லீவு முழுக்க நான் கூனிக் குறுகிக்கொண்டிருந்ததே அதற்காகத்தான். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

"அம்மா, வேணாம்மா. மம்பட்டியே வாங்கிக்கிறேன்."

"நீ சொல்றியா, நானே சொல்லவா?"

சொன்னேன். என் அன்னையார் குடும்பத்தின் எண்ணிக்கையைப் பெருக்கும் நற்பணியில் ஈடுபட்டிருக்கிறார் என்ற பொருள்பட ஒரு நீண்ட இங்கிலீஷ் வாக்கியம். துரைக்குப் புரியவில்லை. இன்னொரு விதமாக, இன்னும் உரக்கச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. கடைசியில் கையால் என் வயிற்றுக்கு முன்னே ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். துரைக்குப் புரிந்தது. இங்கிலீஷ் தெரியாத பெரட்டு முழுவதற்கும் புரிந்தது. கருப்பாயியின் சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு மீசையை நீவினார்.

துரை பேப்பரை மடித்துக் கிளாக்கர் ஐயாவின் கையில் வைத்தார். அம்மாவிடம் தன் தமிழில் சொன்னார்: "போ. கொளுந்து போ."

பேர் வெட்டுப்படவில்லை. நான் ஹட்டனுக்குத் திரும்பினேன். பேப்பருக்குத் திருத்தம் எழுதிப் போட்டேன், வெளியிடவில்லை. மாறாக, சில மாதம் கழித்து வேறொரு கட்டுரைக்கு அதே படத்தைப் போட்டு, வயதை அறுபத்தைந்தாக உயர்த்தியிருந்தார்கள். அந்த வாரம்தான் அம்மாவுக்குப் பிரசவம். பிறந்தவனை இன்றைக்கும் தோட்டத்தில் 'பேப்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வயது என்று யாரோ கேட்க, எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரே குரலில், "வீட்டு வயசா, பேப்பர் வயசா?" என்றார்கள். பெண் வீட்டார் கொஞ்சம் கலவரப்பட்டார்கள்.

போன மாதம் இன்னொரு பத்திரிகையிலிருந்து ஒரு பையன் கேமராவோடு வந்தான். அம்மாவுக்கு இப்போது அசலாகவே அறுபது. வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயசு என்னன்னு போடுவ?"

"நீங்க சொல்றதப் போடுறேங்க பாட்டி."

"அப்ப முப்பத்தாறுன்னு போடு" என்றாள் அம்மா. "அத ஒங்க ஆளுங்க அப்பப் போடல."