எண்ணூர் ரோட்டில் இங்கிலாந்து ஒத்திகை

இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு உடன்பாடு எதுவும் இல்லாமல் வெளியேறிவிட்டால் திருவொற்றியூர் என்ன ஆகும் என்று 2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். மேலிடத்தில் ஒரு கேள்வி எழுந்துவிட்டால் அதற்கு ஒரு பிரிவு தொடங்கியாக வேண்டும். ஆகவே 'எதிர்பாரா நிலைமை முன்னேற்பாட்டுப் பிரிவு' தொடங்கப்பட்டது. பெனிட்டோ என்பவர் தனி அலுவலராக வந்தார். டோல்கேட் பக்கம் ஒரு மாடியில் அறை பிடித்து, மேஜை நாற்காலி போட்டு, சுவரில் இங்கிலாந்து வரைபடம் ஒன்றை மாட்டினார்கள். திருவொற்றியூர் வரைபடம் கிடைக்கவில்லை.

தண்டையார்பேட்டையில் கைலி மொத்த வியாபாரம் செய்துவந்த சௌக்கத் அலிக்கு இதெல்லாம் தெரியாது. அவருடைய மனைவி பதுருன்னிசாவின் தம்பி நசீர் லண்டனில் துணிக்கடை வைத்திருந்தான். வருஷா வருஷம் ரம்ஜானுக்கு முன்னால் அவனுக்கு ஒரு கன்டெய்னர் கைலி போகும். மற்ற மாதங்களில் என்ன விற்றாலும், அந்தக் கன்டெய்னர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் குடும்பத்துக்கு அது வருஷம்.

அந்தப் பிப்ரவரியில் நசீர் போனில் பதறினான்.

"மச்சான், மார்ச் கடைசில இவுங்க ஐரோப்பாவ வுட்டு வெளிய வர்றாங்க, அதுக்குள்ள சரக்கு இங்க எறங்கிடணும். அதுக்கப்புறம் துறைமுகத்துல இன்னா நடக்கும்னு இங்க ஒருத்தனுக்கும் தெர்ல."

"மந்திரிங்கள கேக்க வேண்டிதானே?"

"அவுங்கதான் டிவில வந்து எங்கள கேட்டுகினு கீறாங்க."

சௌக்கத் அலி தாமதிக்கவில்லை. கைலியை ஏற்றி, சீல் வைத்து, அஃப்ரித் ஓட்டும் டிரெய்லரில் அனுப்பிவிட்டார். அஃப்ரித் போய் எண்ணூர் ரோட்டு வரிசையில் சேர்ந்தான்.

துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் அந்த லாரி வரிசை எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதை யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. வெயிலைக் கோபித்து என்ன பயன்? டிரைவர்கள் அதிலேயே சமைத்தார்கள், துணி காயப்போட்டார்கள். ஒருவர் வரிசையில் நின்றபடியே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்தார் என்று அஃப்ரித் சொல்வான். இருந்தாலும் கப்பல் புறப்பட நாள் இருந்தது. சௌக்கத் அலி நிம்மதியாகத்தான் இருந்தார்.

இதற்கிடையில் விம்கோ நகர் கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. அதில் இங்கிலாந்து என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அவரும் போனார்.

பெனிட்டோ எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "உடன்பாடற்ற வெளியேற்றம் நிகழும் பட்சத்தில், இங்கிலாந்து செல்லும் சரக்குகள் தேங்கக்கூடும். அதன் விளைவாக எண்ணூர் ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்க நேரிடலாம் என்று அஞ்சப்படுகிறது."

மீன் விற்கும் மங்கம்மா கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள்.

"சார், இப்ப நின்னுகினு கீதே, அது இன்னா?"

"அது வழக்கமான நெரிசல் அம்மா. நான் சொல்வது எதிர்பாராத நெரிசல்."

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

"வழக்கமான நெரிசலுக்கு நம்மிடம் திட்டம் கிடையாது. இதற்குத் திட்டம் போடுகிறோம்."

திட்டம் என்றதும் விவாதம் சூடுபிடித்தது. எதிர்பாராத வரிசையை எங்கே நிறுத்துவது? சாலையின் இடப்பக்கம் என்று ஒரு தீர்மானம் வந்தது. இடப்பக்கத்தில் வீடு உள்ளவர்கள் தோற்கடித்தார்கள். வலப்பக்கத்தை வலப்பக்கத்துக்காரர்கள் தோற்கடித்தார்கள். கடற்கரை ஓரம் என்றதற்கு மீன்பிடிப்பவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்பள மொத்த வியாபாரி தவசிமுத்து அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியவர், நிதானமாகச் சொன்னார்: "லாரிய எங்கன வேணாலும் நிப்பாட்டுங்க சார், என் குடோன் வாசல்ல மட்டும் வேண்டாம்." அதே தீர்மானத்தை எல்லோரும் தத்தம் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியில், லாரிகள் எங்குமே நிற்க வேண்டாம் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். டீக்கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்து அதையும் தோற்கடித்தார்கள்.

"மிகவும் பயனுள்ள கூட்டம்" என்றார் பெனிட்டோ. "எதுவுமே முடிவாகாததால் ஒத்திகை நடத்தப்படும்."

ஒத்திகைக்கு முதல் தேவை காலியான சாலை. ஏற்கெனவே லாரி நிற்கிற சாலையில் லாரி நிற்பதை எப்படி ஒத்திகை பார்ப்பது? எனவே மேலிடத்து உத்தரவு பறந்தது. ஆண்டுக்கணக்காகப் பழுது என்று மூடிக்கிடந்த துறைமுக வாசல்கள் திறந்தன. ஆள் பற்றாக்குறை என்று எழுதித் தொங்கவிட்டிருந்த ஜன்னல்களுக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் சிரித்தார்கள்கூட. சாயங்காலத்துக்குள் வரிசை முழுவதும் துறைமுகத்துக்குள் போய்விட்டது. நடு ரோட்டில் வெள்ளைக்கோடு இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. மங்கம்மா ரோட்டைக் கடந்துபோய், நம்பிக்கை வராமல் திரும்பவும் ஒருமுறை கடந்து வந்தாள்.

உள்ளே போகாத லாரி ஒன்றே ஒன்றுதான். பெனிட்டோவின் உதவியாளர் சௌமியா வரிசை நெடுக நடந்து, "இங்கிலாந்து சரக்கா?" என்று ஒவ்வொரு டிரைவரையும் கேட்டபோது, வாசலை நெருங்கிவிட்ட அஃப்ரித் பெருமையாக "ஆமா மேடம்" என்றுவிட்டான். வண்டியை ஓரங்கட்டி, ஒத்திகை வண்டி என்பதற்கு அடையாளமாக அதன் முகப்பில் பச்சைக்கொடி கட்டினார்கள்.

விஷயம் தெரிந்து சௌக்கத் அலி ஸ்கூட்டரில் பறந்து வந்தார். வெறிச்சோடிய சாலையில் அவருடைய டிரெய்லர் மட்டும் நின்றது. அதற்குப் பின்னால், வராத லாரிகளின் சார்பாக, ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"சார், எல்லா வண்டியும் உள்ள பூட்ச்சு. என்னுதயும் வுட்டுடுங்க. கப்பல் கெளம்பப் போவுது."

"உங்கள் வண்டி உள்ளே போய்விட்டால் வரிசையில் யார் நிற்பது?" என்றார் பெனிட்டோ, வருத்தத்தோடுதான்.

"வரிசையே இல்லையே சார்."

"அதனால்தான் சொல்கிறேன். நீங்களும் போய்விட்டால் சுத்தமாக இருக்காது."

"மார்ச்சுக்குள்ள சரக்கு அங்க போய்ச் சேரலன்னா என் பொழப்பு போய்டும் சார்."

பெனிட்டோவின் முகம் மலர்ந்தது. "பாருங்கள், இதைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம். சௌமியா, இவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்."

சௌக்கத் அலி கூம்புகளுக்கு நடுவே சாலையிலேயே உட்கார்ந்தார். கத்தலாமா, காலில் விழலாமா என்று அவருக்கே புரியவில்லை. அஃப்ரித் டீ வாங்கி வந்து கொடுத்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் கப்பலின் சங்கு ஊதியது. பெனிட்டோவும் அதைக் கேட்டு, நேரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். உடன்பாடற்ற வெளியேற்றத்தால் வியாபாரிகளுக்கு ஏற்படக்கூடிய இழப்பு துல்லியமாகக் கணிக்கப்பட்டிருந்ததாகவும், ஒத்திகை முழு வெற்றி என்றும் அறிக்கை போனது.

கைலி அடுத்த கப்பலில் ஏறியது. தவறிப்போன கெடுவை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே சௌக்கத் அலி நசீருக்குப் போன் போட்டார்.

"அத்த வுடு மச்சான். இங்க வெளிய வர்ற தேதிய தள்ளிட்டாங்க."

"எப்போ?"

"இப்பத்தான். எதுவரைக்கும்னு அடிச்சிகினு கீறாங்க."

சந்தோஷப்படுவதா, உட்கார்ந்து அழுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் இரண்டாவது கருத்துக் கேட்புக் கூட்டம் வந்துவிட்டது. இந்த முறை கூட்டத்தைக் கேட்டு வாங்கியது பொதுமக்கள். ஒத்திகை முடிந்த மறுநாளே வாசல்கள் பழையபடி பழுதாகி, லாரிகளும் வந்துவிட்டன. ஆகவே தினமும் ஒத்திகை நடத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இங்கிலாந்துக்கு உடன்பாடே கிடைக்கக் கூடாது என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதாக ஒருவர் சொன்னார்.

"நடத்தலாம். ஆனால் இங்கிலாந்து சரக்கு வேண்டுமே" என்றார் பெனிட்டோ.

மண்டபம் சௌக்கத் அலியைப் பார்த்தது.

"பாய், ஊருக்காவ உன் வண்டி நிக்கக் கூடாதா?" என்றாள் மங்கம்மா.

அவர் எழுந்தார். கூம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததை யோசித்தார். ஊர் முன்னால் நியாயம் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"என் சரக்கு பூட்ச்சு. இனிமே அடுத்த வருஷந்தான். அண்ணாச்சியோட அப்பளம் கீதே."

தவசிமுத்து பதறவில்லை. "நான் அனுப்புதது சிங்கப்பூருக்குல்லா."

பெனிட்டோவும் சௌமியாவும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். "சிங்கப்பூர் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. எனவே ஒத்திகையின் நோக்கத்துக்காக அதை இங்கிலாந்தாகக் கருதலாம்."

கைதட்டல் எழுந்தது. அண்ணாச்சி அது ஓயும்வரை காத்திருந்தார். "அப்படின்னா கொழும்பு, மலேசியாவும் அவன் ஆண்டதுதான சார். அதுக்குப் போற சரக்கும் நிக்கட்டும். ஏன், கல்கத்தாவும் கொச்சியும் நம்ம விம்கோ நகரும் அவன் ஆண்டதுதான. எல்லா லாரியும் நிக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

பொதுமக்களிடமிருந்து இவ்வளவு ஒத்துழைப்பைப் பெனிட்டோ எதிர்பார்க்கவில்லை. உடனே தீர்மானமாக எழுதிப் படித்தார். தன் வண்டிதான் இனி வருவதற்கில்லையே என்ற நிம்மதியில் சௌக்கத் அலி முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். அந்த மண்டபத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது அதுவே முதல் தடவை.

அடுத்த வாரம் எல்லா லாரிகளிலும் பச்சைக்கொடி பறந்தது. எல்லாமே ஒத்திகை வண்டி என்பதால் எதையும் உள்ளே விட முடியவில்லை. வரிசை டோல்கேட்டையும் தாண்டி வந்துவிட்டது. பாராட்டு விழாவுக்குக் கிளம்பிய பெனிட்டோவின் ஜீப்பும் அதில் எங்கோ நின்றிருந்தது.

பதுருன்னிசாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ராயபுரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட சௌக்கத் அலி, இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். வெயில் ஏறியது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுற்றிலும் பறந்த கொடிகளைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கலீஜுக்கெல்லாம் எவனுங்கதான் கைய தூக்குறானுங்களோ."

சௌக்கத் அலி ஆரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.