நேராகப் போனால் நேரமாகும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் மரியாதை, ஆகவே சௌக்கியம். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவார் என்று உன் கடையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து, அதில் ஒரு பழைய துப்பாக்கி விளையாட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, புண்ணியவானே, அதன் பலனைக் கேள். திரையில் துப்பாக்கி மட்டும்தான் தெரிகிறது, பிடித்திருப்பவன் முகம் தெரிவதில்லை. இருட்டு நடை, கதவு, பூதம், மறுபடி கதவு. உன் அத்தான் ஒரு பூதத்தையும் சுடுவதில்லை. "சுடுறதுக்கு எங்க நேரம்? நான் போயாகணும்" என்கிறார். முன்னால் போகும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிக் குறுக்காக ஓடினால், நேராக ஓடுவதைவிட வேகமாம். சுவரை உரசிக்கொண்டு ஓடினால் அதைவிட வேகமாம். எல்லாம் விளையாட்டைச் செய்தவர்கள் விட்ட பிழைகளாம். உலகத்தில் பலபேர் இதே வேலையாக உட்கார்ந்து நொடி நொடியாகக் குறைக்கிறார்களாம்.

குறைக்கட்டும். ஆனால் இவர் வீட்டிலும் அப்படியே நடந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? சமையலறைக்குத் தோளைச் சுவரில் தேய்த்துக்கொண்டு வருகிறார், சுண்ணாம்பெல்லாம் சட்டையில். மாடிப்படியில் குறுக்காக இறங்கி, கீழ்வீட்டுத் தையல்காரர்மேல் மோதி, அவர் தைத்து எடுத்துப்போன கோட்டோடு இரண்டு பேரும் உருண்டார்கள். "அண்ணனுக்குப் பக்கவாதமா இருக்கப்போவுது, பாத்துக்கங்க" என்று அவர் பயமுறுத்த, டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டர் தரையில் ஒரு கோட்டைக் காட்டி நடக்கச் சொன்னார். "நேரா போனா லேட்டாயிடும் டாக்டர்" என்றார் உன் அத்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த வார்த்தைதான் தம்பி என்னை அறுக்கிறது. நம் வாயாடி மூச்சு முட்டிக் கிடந்த அன்று நடந்தது உனக்குத் தெரியாததா? மகளுக்கு வண்டி கேட்டு நான் போன் போட, வந்தது அவள் அப்பா வண்டியே. வழியில் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடக்கம் முடிந்ததும் டூட்டிக்குப் போனார். இன்றுவரை அவளைப் பற்றி வாய் திறந்ததில்லை. செருப்பை மட்டும் இன்னமும் தெருவைப் பார்த்தே கழற்றிப் போடுகிறார், அழைப்பு வந்தால் திருப்பி மாட்ட நேரம் போகுமாம். ஓய்வு பெற்றவரை யார் அழைக்கப்போகிறார்கள்?

இப்போது விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறார். பூட்டிய கதவு, சாவியோ சுற்றிப் போனால் மறுகோடியில். சாவி இல்லாமலே ஒரு மூலைச் சுவருக்குள் புகுந்து போக வழி உண்டென்று, காலையிலிருந்து அந்த மூலையிலேயே மோதிக்கொண்டிருக்கிறார். அந்த வழி எட்டாத உயரத்தில் இருக்கிறதாம்; அங்கே ஏற, தன் காலடியிலேயே குண்டைப் போட்டு அந்த வேகத்தில் பறக்க வேண்டுமாம், உயிர் முக்கால்வாசி போய்விடுமாம். "சாவிய எடுத்துட்டு வந்தாத்தான் என்னங்க?" என்றேன். "சுத்தி வரக் கூடாது" என்றார். மகளைப் பறிகொடுத்தாயிற்று, இவரையும் அந்தச் சுவருக்குக் கொடுக்க என்னால் ஆகாது. பயமாக இருக்கிறது தம்பி. உடனே வந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்லபடி இருக்கட்டும், நேராக நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கூப்பிட்டார். சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். சந்தோஷமே இல்லை முகத்தில். "இது அவனுங்க தப்பா கட்டின சுவரு, அதான் விட்டுச்சு" என்றார். திரையைப் பார்த்தபடியே, "அன்னைக்கு ரோட்டுல அப்படி ஒரு இடமும் இல்ல. நான் எல்லாப் பக்கமும் பாத்தேன்" என்றார். "தெரியும்ங்க" என்றேன். வாயாடி, வாயாடி என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். பெட்டியைத் தூக்க வராதே, சும்மா வா. அப்புறம் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். செருப்பு வீட்டைப் பார்த்துக் கிடக்கிறது.