பாயிண்டு நைனாவும் ஆயுசு முடிந்த செட்டும்

கோபப்படுவதற்குச் சம்பளம் என்று ஒன்று இருந்தால், பழவேற்காட்டின் முதல் பணக்காரர் பாயிண்டு நைனாவாகத்தான் இருப்பார். காற்று அடித்தால் ஏன் அடிக்கிறது என்று கோபம். நின்றால் ஏன் நின்றது என்று கோபம். பொன்னேரி பஸ் சரியான நேரத்துக்கு வந்தால்கூட, "நேத்து மட்டும் இன்னா ஆச்சி ஒனக்கு?" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போவார். ஆனால் அவருடைய கோபங்களில் ஒன்று நூற்றுக்கு நூறு நியாயமானது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கோபத்தை அவருக்கு விற்றவனே நான்தான்.

பஜாரில் எனக்கு ஒரு சின்னக் கடை. செல்போன் ரீசார்ஜ், பேட்டரி, படகில் மாட்டுகிற ஜி.பி.எஸ். செட் எல்லாம் கிடைக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நைனாவுக்கு ஒரு செட் விற்றேன். "வெளிநாட்டுக் கம்பெனி நைனா, ஆயுசுக்கும் கவல இல்ல" என்று வாய் கூசாமல் சொன்னேன். யாருடைய ஆயுசு என்று அவரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

கடலுக்குப் போகாதவர்களுக்காக ஒரு விஷயம். கடலில் ஓர் இடத்தில் நின்று செட்டின் பொத்தானை அழுத்தினால் அந்த இடம் அதில் பதிந்துவிடும். அதற்குப் பெயர் பாயிண்ட். மீன் கூடுகிற இடம் ஒரு பாயிண்ட் என்றால், அடியில் கல் இருந்து வலையைக் கிழிக்கிற இடம் இன்னொரு பாயிண்ட். நைனா நாற்பத்தாறு பாயிண்ட் வைத்திருந்தார். செட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் மீன், எந்த நம்பர் கல் என்பது அவருடைய தலைக்குள் இருந்தது. தனிப் படகு வைத்திருக்கிற சொந்த மகன் கேட்டதற்கே, "என் பல்லக் கேளு, கழட்டிக் குடுக்கறேன். பாயிண்ட மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

ஒரு நாள் காலையில் கடை திறக்கும்போதே செட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டேய், இது இன்னா தேதி காட்டுதுன்னு பாரு."

பார்த்தேன். கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் போயிருந்தது. இடத்தை அச்சுப் பிசகாமல் சொல்லிற்று, காலம்தான் தவறிவிட்டது. அந்தக் காலத்து செட்டுகளுக்கு வாரங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எண்ணத் தெரியாது, எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். புது மாடல்களுக்குக் கம்பெனி அதைச் சரிசெய்து கொடுத்திருந்தது. இதற்கு இல்லை. கூடவே திரையும் மங்கத் தொடங்கியிருந்தது. அதற்குத்தான் நான் பயந்தேன். திரை போனால் நாற்பத்தாறு பாயிண்டும் போச்சு.

இருவருமாகச் சென்னையில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாரி சார், இந்த மாடல நிறுத்திட்டாங்க. நிறுத்தி அஞ்சு வருஷம் வரைக்கும்தான் சர்வீஸ். அதுவும் முடிஞ்சிடுச்சு. இதோட லைஃபே முடிஞ்சு போச்சு சார்" என்றது.

நைனா செட்டை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஒங்க மெசினு காட்டற தேதியப் பாரும்மா. இந்தத் தேதில நான் இத வாங்கவே இல்ல. ஒங்க கம்பெனி இத செய்யவே இல்ல. பொறக்காத புள்ளைக்கு நீ எப்டிம்மா கருமாதி பண்ணுவ?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புது செட் வாங்கினால் தள்ளுபடி உண்டு என்றார்.

"பாயிண்டு?" என்றார் நைனா.

பாயிண்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற ஒரு புரோகிராம் முன்பு இருந்ததாம். கம்பெனி அதை வலைத்தளத்திலிருந்து எடுத்துவிட்டதாம். எனக்கு அங்கேதான் ரத்தம் கொதித்தது. நாங்கள் புது மெஷின் கேட்கவில்லை, உதிரிபாகம் கேட்கவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு புரோகிராம்! அதை ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தால் அவர்கள் வீட்டுச் சோற்றுப் பானையா கவிழ்ந்துவிடும்? "அது எங்க கொள்கை சார்" என்றார் மேனேஜர். கொள்கையாம்! ஒரு மாடலுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் யோசிப்பதற்குள் நைனா பதில் சொல்லிவிட்டார்.

"இத நம்பி கடல்ல ஒருத்தன் கீற வரைக்கும் பாக்கணும். அவன் கரைக்கு வந்தப்புறம் நீ கடைய மூடு."

இதைவிட நல்ல சட்டத்தை எந்த வக்கீலாலும் எழுத முடியாது.

ஊருக்குத் திரும்பியதும் நைனா தன் குப்பத்துப் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். பிரதிவாதி, கம்பெனி. அது வராததால் அதன் சார்பில் என்னை நிற்க வைத்தார்கள். நான் செல்போனில் கம்பெனியின் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அரை மணி நேரம் பாட்டுதான் வந்தது. "பஞ்சாயத்துல வந்து பாட்டு போடறானா?" என்று பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் வெகுண்டு எழுந்து, கம்பெனியை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். குப்பத்தில் யாரும் கம்பெனிக்குத் தண்ணீர் தரக் கூடாது, நெருப்புத் தரக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. கம்பெனிக்கு இந்த விவரம் இன்றுவரை தெரியாது. குப்பமே என் கடையில்தான் ரீசார்ஜ் செய்கிறது என்பதால் என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு வந்தாலும் திரைக்கு உயிர் வரவில்லை. கடைசியில் நேரான உச்சி வெயிலில் பிடித்தால்தான் எழுத்து தெரியும் என்ற நிலைமை. "பார்த்து எழுதிடலாம் நைனா" என்றேன். "கடைக்குள்ள வெச்சி எழுது" என்றார். கடைக்குள் வெயில் எங்கே இருக்கிறது? நிழல் விழாத இடம் துறை ஒன்றுதான். வேறு வழியில்லாமல், ஊரில் யாருக்கும் சொல்லாத ரகசியத்தைப் பட்டப்பகலில் படகுத்துறை நடுவில் திறக்க வேண்டியதாயிற்று. செட்டுக்குப் பேட்டரியை இணைத்து, நோட்டுப் புத்தகத்தோடு நான் உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்தில் முப்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள், எல்லார் கையிலும் செல்போன்.

"இன்னாடா வேடிக்க? போங்கடா, பேமானிங்களா!" என்றார் நைனா. ஒருவரும் அசையவில்லை.

முதல் பாயிண்ட். நைனா என் காதோடு வாயை வைத்து, "சங்கரா" என்று அங்கே கூடுகிற மீனின் பெயரை முணுமுணுத்தார். நான் வாயைத் திறக்காமல் எழுதினேன். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது நம்பர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, துறையே அதிரும்படி கத்தினார்.

"கல்லு! அடில கல்லு கீது. டேய் கடைக்காரா, நம்பர சத்தமாப் படிச்சி சொல்லு. எல்லாரும் ஏத்திக்கோங்கடா!"

நான் பிரமித்துப்போய், "இத மட்டும் ஏன் நைனா?" என்றேன்.

"மீனு என்னுது. கல்லு எல்லாருக்கும் பொது. எவன் வலை கிழிஞ்சா எனக்கு இன்னா சந்தோசம்?"

இப்படியே மீனுக்குக் கிசுகிசு, கல்லுக்குக் கூச்சல் என்று போயிற்று. நடுநடுவே எல்லோருக்கும் வசவு. நாற்பத்திரண்டாவதை எழுதி முடித்தபோது திரை ஒரு முறை கறுத்து, அப்படியே அணைந்துவிட்டது. பேட்டரியை மாற்றினேன், தட்டினேன், ஊதினேன். பலனில்லை.

"பாக்கி நாலும் கல்லு" என்றார் நைனா. அவர் யாரையும் திட்டாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. செட்டின் உற்பத்தியை நிறுத்தினார்கள், சர்வீஸை நிறுத்தினார்கள், புரோகிராமையும் எடுத்தார்கள், சரி. அந்த நாலு கல்லின் உற்பத்தியை யார் நிறுத்தினார்கள்? அவை அடியில் அப்படியே உட்கார்ந்து யாருடைய வலைக்கோ காத்திருக்கின்றன.

அடுத்த வாரம் நைனா வேறொருவரிடம் புது செட் இரவல் வாங்கிக்கொண்டு, தூக்கி எறிய வேண்டிய ஒரு கந்தல் வலையைப் படகில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கல் இருக்கும் என்று தோன்றுகிற பக்கமெல்லாம் வலையை இழுப்பது, மாட்டிக் கிழிந்தால் அந்த இடத்தில் பொத்தானை அமுக்குவது. இதுதான் திட்டம். மீன் பிடிக்க வேண்டிய நாளில் கல் பிடிக்கப் போகிறான் கிழவன் என்று துறையே சிரித்தது. ஒன்பதாம் நாள், தாறுமாறாகக் கிழிந்த வலையை ஈரத்தோடு என் மேசைமேல் போட்டு, "எழுது. ஒண்ணு மாட்டிக்கிச்சி" என்றார். வாயெல்லாம் பல். வலை கிழிந்ததற்குச் சிரித்த மீன்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது மூன்று கல் கிடைத்துவிட்டது. ஒன்று பாக்கி. நைனாவுக்கு முட்டி வலி, கண்ணும் முன்போல இல்லை. ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற முகத்துவாரம் வேறு மண் தூர்ந்து, கடல் கொஞ்சம் புரண்டாலும் படகைக் கவிழ்க்கப் பார்க்கிறது. இன்று காலையும் கந்தல் வலையோடு போனார். "ஒரு கல்லுதான நைனா, போனாப் போவுது, உடு" என்றேன். என்னையும், கம்பெனியையும், எனக்குக் கடையை வாடகைக்கு விட்டவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் படகை எடுத்தார். மணி மூன்றாகிறது. நான் ஐந்தாவது முறையாகத் துறைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நல்லபடியாக வந்து என்னைத் திட்டினால் போதும்.