புரதம் பெருக்கும் செப்புத் தகடு

ஆராய்ச்சிக்கூடத்து வராந்தாவில் அன்று நிற்க இடமில்லை. மாடு வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், பெயருக்குப் பின்னால் முழ நீளத்துக்குப் பட்டம் வைத்திருப்பவர்கள் மறுபக்கம். எல்லாரும் தகட்டுக்காரரைப் பார்க்கத்தான். அவர் தரும் செப்புத் தகட்டைத் தொழுவத்தில் கட்டினால் சினை பிடிக்காத பசுவுக்கும் பிடிக்குமாம். ஊசி வேண்டாம், மாட்டு டாக்டர் வேண்டாம். மூளை? அது எப்போதுமே வேண்டாம்!

கூட்டத்தின் முன்னால் நின்றது யார் தெரியுமா? முட்டை டாக்டர். பசுவின் கருமுட்டை முதிரும்போது அதில் எந்தப் புரதம் எவ்வளவு உருவாகிறது என்று பதினோரு வருஷமாக அளப்பவள். ஆறு மாதமாக அவள் முட்டைகள் முதிராமலே கெட்டுப்போயின. வெட்கத்தை விட்டு, துணி உறையில் தைத்த தகடொன்றை வாங்கி, முட்டைகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் மேல் ஒட்டினாள். அடுத்த மூன்று தடவையும் முட்டைகள் ஜோராக முதிர்ந்தன. புரதம் எகிறியது. படித்த படிப்பெல்லாம் தண்டம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நாளையிலேர்ந்து எந்தத் தொழுவத்துலயும் வைத்தியமே வேண்டாம்" என்று தாளை நீட்டினார் தகட்டுக்காரர்.

அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் வராந்தா மொத்தமும் காத்திருந்தது. அவள் பேனாவைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, கொஞ்சம் இருங்க. முதல்ல அந்த உறையைப் பிரிங்க" என்றாள் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவள்.

இன்குபேட்டர் மேலிருந்ததை எடுத்து வந்து பிரித்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு டப்பா மூடி!

"என் சாப்பாட்டு டப்பாவோடது. முதல் தடவை மட்டும்தான் தகடு இருந்துச்சு. மத்த ரெண்டு தடவையும் நான் மாத்தி வெச்ச இதுதான்."

"மூடியிலயும் என் சக்தி இறங்கியிருக்கும்!" என்றார் தகட்டுக்காரர்.

"அப்ப அவங்கவங்க வீட்டு மூடியைக் கட்டிக்கிறோம். நீங்க எதுக்கு?" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள்.

சிரிப்பில் வராந்தா அதிர்ந்தது. முட்டை டாக்டர் மட்டும் பரிதாபமாக, "அப்புறம் எப்படி முதிர்ந்துச்சு?" என்றாள்.

"ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறக்காதீங்க, சக்தி போயிடும்னு இவரு சொன்னாரு. நீங்களும் பயந்து திறக்கல. அதுக்கு முன்னாடி ஆறு மாசமா அரைமணிக்கு ஒருவாட்டி எட்டிப் பார்த்தீங்க. சூடு எப்படிம்மா நிக்கும்?"

இன்குபேட்டர் கதவில் 'திறக்காதீர்' என்று சிவப்பெழுத்தில் பல வருஷமாக ஒட்டியிருந்தது. ஒட்டிய புண்ணியவதி முட்டை டாக்டரேதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, தாளை நாலாகக் கிழித்தாள்.

"தகடும் பொய், அதை நம்புன நானும் மடச்சி. மாட்டுக்கு ஒழுங்கா வைத்தியம் பாருங்க!"

தகட்டுக்காரர் பின்வாசல் வழியாக நழுவினார். கூட்டமும் கலைந்தது. துறைத்தலைவர் மட்டும் அவள் காதருகே வந்து, "அந்த மூடி எந்தக் கடையில வாங்கினதாம்?" என்றார்.

"யோசிங்க சார். கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கே பதினோரு வருஷம் ஆச்சு."