தலைப்பு மட்டும்தான் ஒன்று

"நாலு நிமிஷத்துல நேரலை. நாவலைப் படிச்சிட்டீங்கல்ல?" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளர் அம்மா கேட்டார்.

"கரைச்சுக் குடிச்சிட்டேன் மேடம்" என்றார் வானொலி அறிவிப்பாளர்.

குடித்ததெல்லாம் இரண்டு காபிதான். நேற்று மத்தியானம் 'எட்டாவது சாவி' என்று ஒரு படம் பார்த்தார். நாவலைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று மனுஷன் நிம்மதியாக இருந்துவிட்டார். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்றைய நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் நிலைய இயக்குநர் முடிவு செய்யப்போகிறார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"சார், அந்த ரயில் கொலை இருக்கே, உடம்பே நடுங்கிடுச்சு! எப்படி எழுதினீங்க?"

எதிரே விருந்தினராக வந்திருந்த எழுத்தாளர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம எழுதினேன்."

தயாரிப்பாளர் ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டினார். 'நாவலில் ரயிலே கிடையாது! அந்தப் படம் வேறு கதை! தலைப்பு மட்டும்தான் ஒன்று!'

அறிவிப்பாளர் தாளைப் படித்தார். எப்படியாவது சமாளித்தாக வேண்டும்.

"கொலைன்னா... நிஜக் கொலை இல்லதானே சார்? மனசுக்குள்ள நடக்கிறது?"

"என்னங்க நீங்க! கத்தி, ரத்தம், எல்லாம் நிஜம்!"

அடுத்த தாள் வந்தது. 'கதாநாயகி பல் டாக்டர்!'

"சரி சார், அந்தப் பல் டாக்டர் அம்மா..."

"எந்தப் பல் டாக்டர்?"

"உங்க கதாநாயகி சார்."

"அவ போலீஸுங்க!"

ஐயோ, படிக்கவில்லை என்று எழுத்தாளர் கண்டுபிடித்துவிட்டார்! ஊரே கேட்கும்படி கலாய்க்கிறார்! அறிவிப்பாளருக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க சார். நான் நாவலைப் படிக்கல. அதே பேர்ல இருக்கிற படத்தைத்தான் பார்த்தேன்."

எழுத்தாளரின் முகம் வெளுத்தது. "அதே பேர்லயா?" என்றார்.

நிகழ்ச்சியைக் காப்பாற்றத் தயாரிப்பாளர் அவசரமாக ஒரு நேயரின் தொலைபேசியை இணைத்தார். ஒரு பெண் குரல் வந்தது.

"தம்பி, பயப்படாதீங்க, நீங்களாவது ஒத்துக்கிட்டீங்க, அந்த நாவலை எழுதினது நான், அட்டையில இருக்கிற பேர் மட்டும்தான் அங்க உட்கார்ந்திருக்கிற எங்க வீட்டுக்காரரோடது, நேத்து அவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துட்டு வந்திருக்காரு!"